பழுதான மதர்போர்டு: சரிசெய்வதா, திருப்பிக் கொடுப்பதா?

கணினியின் உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைக்கும் மதர்போர்டில் கோளாறு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தவுடன் நான் முதலில் தேடி எடுப்பது அதை வாங்கிய ரசீதைத்தான். எந்த உறுப்பு கெட்டது, சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளெல்லாம் அதன் பிறகுதான். வாங்கிப் பத்து நாள் ஆன போர்டும், இரண்டு ஆண்டு ஆன போர்டும், ஆறு ஆண்டு ஆன போர்டும் ஒரே கோளாறைக் காட்டினாலும் மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. முதலாவதை விற்றவரிடமும், இரண்டாவதை உற்பத்தியாளரின் சேவை மையத்திடமும் கொண்டு போக வேண்டும். ஈயத்தை உருக்கி உறுப்புகளைப் பற்றவைக்கும் சால்டரிங் பற்றிய பேச்சு மூன்றாவதற்குத்தான் பொருந்தும். உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, அவர் சூடு காட்டிய தடம் போர்டில் பதிந்துவிட, அதன்பின் சேவை மையத்தில் கதவு சாத்தப்பட்டு நின்றவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரசீது கையில் வந்த பிறகு இரண்டாவது கேள்வி, குற்றம் உண்மையிலேயே மதர்போர்டுடையதுதானா என்பது. "டிஸ்பிளே வரவில்லை, போர்டு போய்விட்டது" என்று என்னிடம் வந்த கணினிகளில் கணிசமானவற்றில் போர்டு நன்றாகவே இருந்தது. நல்ல போர்டைத் திருப்பி அனுப்பினால் சில வாரங்கள் கழித்து அதே போர்டு, "கோளாறு எதுவும் காணப்படவில்லை" என்ற குறிப்போடு வீடு திரும்பும். அந்த வாரங்களைக் காப்பாற்ற ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது தகும்.

குற்றவாளி போர்டுதானா?

புதிதாகப் பூட்டிய கணினி என்றால் எளிய தவறுகளிலிருந்து தொடங்க வேண்டும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து 24 பின் கேபிள் மட்டும் வந்தால் போதாது. பிராசசருக்கு அருகில், போர்டின் மேல் ஓரத்தில், 8 பின் இணைப்பு ஒன்று தனியாக இருக்கிறது. அதைச் செருகாவிட்டாலும், பாதி மட்டும் செருகினாலும், விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரை மட்டும் இருண்டே இருக்கும். அடுத்தது திரைக்கான கேபிள். இன்டெல் பிராசசரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி இல்லை, ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 போன்றவற்றிலும் இல்லை. அத்தகைய பிராசசரைப் பூட்டிவிட்டு, மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. அது போர்டின் பிழையன்று.

டி.டி.ஆர்.5 என்ற புதிய தலைமுறை ரேம் வந்த பிறகு ஒரு புதிய குழப்பம் சேர்ந்திருக்கிறது. முதல்முறை இயக்கும்போது போர்டு ரேமோடு ஒத்துப்போகத் தன்னைத்தானே பழக்கிக்கொள்கிறது. ரேமின் அளவு கூடக்கூட அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது. பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைத்து அணைத்து இயக்குபவர், ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு அதன் பிறகே அடுத்த முடிவுக்குப் போகலாம்.

கணினியைத் தொடங்கிவைக்கப் போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸின் வயதும் ஏமாற்றும். இன்டெல் பிராசசருக்கான பி660 போன்ற போர்டு, தான் வெளிவந்த பிறகு வந்த 13ஆம் தலைமுறை பிராசசரைப் புதிய பயாஸ் இருந்தால்தான் அடையாளம் காணும். கடை அலமாரியில் வெகுநாள் இருந்த போர்டில் பழைய பயாஸ் இருப்பது இயல்பு. பல போர்டுகளின் பின்புறத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற பொத்தான் இருக்கிறது. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் உற்பத்தியாளர் சொன்ன பெயரில் கோப்பை வைத்து, அதற்கென்று குறியிட்ட யு.எஸ்.பி. துளையில் செருகி அழுத்தினால், பிராசசர் இல்லாமலேயே பயாஸ் மாறிவிடும். அந்தப் பொத்தான் இல்லையென்றால் விற்ற கடையிலேயே மாற்றித் தரச் சொல்வது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால், போர்டைக் கேபினட்டிலிருந்து முழுமையாக வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், இரண்டு மின் கேபிள்கள், இவை போதும். நான்கு ரேம் இடங்கள் உள்ள போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில் ரேமைப் போடுங்கள். பெரும்பாலான போர்டுகள் ஒற்றை ரேமை அங்கேதான் எதிர்பார்க்கின்றன. பவர் பொத்தானுக்கான இரண்டு பின்களைத் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொட்டால் இயங்கத் தொடங்கும். வெளியே இயங்குகிற போர்டு கேபினட்டுக்குள் இயங்கவில்லை என்றால், அடியில் வேண்டாத இடத்தில் நிற்கும் பித்தளை ஸ்டேண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டைத் தண்டு) ஒன்று போர்டின் பின்பக்கத்தை ஷார்ட் செய்கிறதா என்று பாருங்கள்.

ரேமின் தங்கநிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்துவிட்டுப் போடும் நம் ஊர்ப் பழக்கம் ஈரக்காற்றில் பல பழைய கணினிகளை மீட்டிருக்கிறது. ரப்பர் தூளை ஊதி அகற்ற மறக்கக் கூடாது. ரேமை முற்றிலும் எடுத்துவிட்டு, ஒரு சிறிய ஸ்பீக்கரை இணைத்து இயக்கினால் பெரும்பாலான போர்டுகள் 'பீப்' ஒலியால் முறையிடும். அந்த ஒலி வந்தால் பிராசசரும் போர்டின் பெரும்பகுதியும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். தேடலை ரேமின் பக்கம் திருப்பலாம். சிறு எல்.இ.டி. விளக்குகள் உள்ள போர்டுகளில், சி.பி.யு. (பிராசசர்), டிரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்கிலிருந்து தொடங்குதல்) என்ற நான்கில் எது அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் வேலை தடைப்பட்டிருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மல்டிமீட்டரால் சோதிப்பது கடினமன்று. அதை மின்சாரத்தில் இணைத்து, கணினியை இயக்காமலேயே, 24 பின் இணைப்பின் ஊதா நிறக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். இயங்கும்போது மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் புதிய எஸ்.எம்.பி.எஸ்.களில் பின் எண்ணிக்கைப் படத்தைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். முடிந்தால், சரியாக இயங்குவது உறுதியான வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை அண்டை வீட்டிலிருந்தாவது இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை.

சாக்கெட்டுக்குள் ஒரு பார்வை

இன்டெல் போர்டுகளிலும், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகளிலும் பின்கள் போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட்டில் இருக்கின்றன, எல்.ஜி.ஏ.1700 என்ற இன்டெல் சாக்கெட்டின் பெயரே அங்கே 1700 பின்கள் உள்ளன என்பதைத்தான் சொல்கிறது. அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் ஒரு ரேம் இடம் வேலை செய்யாமல் போகலாம், கிராபிக்ஸ் அட்டை தெரியாமல் போகலாம், போர்டே எழாமல் போகலாம். பிராசசரை எடுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, கைபேசியின் டார்ச்சைச் சாக்கெட்டின் ஓரத்திலிருந்து தாழ்வாக அடித்துப் பாருங்கள். நாற்று நட்ட வயல்போல் வரிசை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே அளவில் மின்னும் புள்ளிகள் தெரியும். எங்கேயாவது ஒரு புள்ளி மங்கியிருந்தாலோ, ஒளி வேறு திசையில் தெறித்தாலோ, அங்கே ஒரு பின் மடங்கியிருக்கிறது.

என் அண்ணன் மகளின் படிப்புக்காக இணையத்தில் வாங்கிய போர்டில் அப்படி இரண்டு மங்கிய புள்ளிகள் மூன்றாவது வரிசையின் மூலையில் இருந்தன. பெட்டியைத் திறந்த அன்றே கண்டேன். அன்றே திருப்பவும் விண்ணப்பித்தேன். ஆனால் திறக்கும்போது நான் படமோ காணொளியோ எடுத்திருக்கவில்லை. "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்று விற்பனையாளர் மறுத்துவிட்டார். நியாயம் என் பக்கம்தான் இருந்தது; ஆனால் மெய்ப்பிக்க என்னிடம் எதுவும் இல்லை. அதிலிருந்து, எவருக்காக வாங்கினாலும், பெட்டியின் சீலை வெட்டுவதிலிருந்து சாக்கெட் மூடியைத் தூக்கி உள்ளே காட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்துவிடுகிறேன். அத்தகைய சான்று உங்களிடம் இருந்தால் மடங்கிய பின்னைத் தொடாமல் அப்படியே திருப்புங்கள். சான்று இல்லை, மறுப்பும் வந்துவிட்டது என்றால் மட்டும், பூதக்கண்ணாடியின் கீழ், லீடை எடுத்துவிட்ட மைக்ரோடிப் பென்சிலின் முனையால் பின்னை மெல்ல நிமிர்த்திப் பார்க்கலாம். அந்த இரண்டு பின்களுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரே பின்னைப் பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு ஒளியடித்துப் பார்த்தே அடுத்ததற்குப் போனேன்.

திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டியவை

குற்றம் போர்டுடையதுதான் என்று உறுதியாகி, உத்தரவாதமும் இருந்தால், கோளாறு எவ்வளவு சிறியதாகத் தோன்றினாலும் திருப்புவதே சரி. நான்கு ரேம் இடங்களில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை, மூன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்த ஓர் இடத்தின் பின்னால் இருப்பது தளர்ந்த சால்டர் இணைப்பா, கீறல் விழுந்த தடமா என்பது வெளியிலிருந்து தெரியாது. உத்தரவாதம் முடிந்த மறுமாதம் அது இரண்டாவது இடத்துக்கும் பரவினால் கேட்க நாதி இருக்காது.

நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் போர்டைக்கூடத் திருப்ப வேண்டிய நேரம் வரலாம். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் நிறுவனம், போர்டில் தகவல் போக்குவரத்தை நடத்தும் சிப்பான தன் 6 வரிசை சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருப்பதாக அறிவித்தது. ஹார்ட் டிஸ்கை இணைப்பதற்கான, அந்தச் சிப்செட்டின் 3 கிகாபிட் சாட்டா துளைகள் நான்கும் காலப்போக்கில் நலிவடையக்கூடியவை. 6 கிகாபிட் துளைகள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. அன்றைக்கு எல்லாம் சரியாக இயங்கியதால், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலரால் எண்ண முடிந்தது. ஆனால் சிப்புக்குள் இருக்கும் பிழையை எந்தச் சால்டரிங்கும் மாற்றாது. திருத்திய சிப்செட் உள்ள போர்டைப் பெறுவது ஒன்றே வழி. 2021 டிசம்பரில் ஏசஸ் நிறுவனம், தன் இசட்690 ஹீரோ போர்டுகளில் ஒரு தொகுதியில் ரேமுக்கு அருகிலுள்ள மின்தேக்கி (கெபாசிட்டர்) ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டுவிட்டதை ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. அவற்றில் சில புகைந்திருந்தன. ஒரு சிறு உறுப்பைத் திருப்பிப் பொருத்துவது கைதேர்ந்தவருக்குச் சில நிமிட வேலைதான். ஆனால் இலவசமாகப் புது போர்டு கிடைக்கும்போது அந்தத் துணிவு தேவையற்றது. ஆகவே, உங்கள் போர்டின் மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் உற்பத்தியாளரின் தளத்தில் ஒருமுறை தேடிவிட்டு முடிவெடுங்கள்.

வந்து வந்து மறையும் கோளாறுதான் எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்துபோகும் கணினி, சேவை மையத்தின் மேசையில் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிடும். இதற்கு ஒரே மருந்து பதிவுதான். எந்த நாள், எந்த நேரம், அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, எந்த விளக்கு எரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்; அணைவதைக் கைபேசியில் படமெடுங்கள்; வேறு ரேம், வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டும் அதே கோளாறு வந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். இந்தத் தாளைப் போர்டோடு சேர்த்துக் கொடுத்தால் மையத்தில் உள்ளவர் எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும்.

கடைகளின் ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. ரசீது தராமல் இருப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை.

சரிசெய்யத் தகுந்தவை

உத்தரவாதம் முடிந்த போர்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: கெட்டது இன்னது என்று சர்வீஸ் செய்பவரால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? காட்ட முடிந்தால் செலவைப் பேசலாம். "கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் போர்டைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

காட்டக்கூடிய கோளாறுகளில் எளிதானது உப்பிய மின்தேக்கி. உருளை வடிவ மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அது குமிழாக எழும்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிவு தெரிந்தாலோ, அதை மாற்ற வேண்டும். மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ, 105 டிகிரி தாங்குவதாகவும், குறைந்த இ.எஸ்.ஆர். (உள் மின்தடை) உள்ளதாகவும் இருப்பது அவசியம். எதிர்முனை எந்தப் பக்கம் என்பதைப் போர்டில் குறிக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பழையதைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

பயாஸ் கெட்டதும் சரிசெய்யத்தக்கதே. புதுப்பிக்கும்போது மின்சாரம் போய்விட்டதென்றால், பயாஸ் இருக்கும் எட்டுக் கால் சிப்பில் புரோகிராமர் கருவியால் மீண்டும் எழுதிவிடலாம். அந்தச் சிப் 1.8 வோல்ட் வகையா, 3.3 வோல்ட் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். கடிகாரம் பின்தங்கினாலோ அமைப்புகள் மறந்துபோனாலோ சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றினால் போதும். இடி விழுந்து, இணையக் கேபிளுக்கான லேன் துளை மட்டும் செத்திருந்தால் அதைப் பிரித்து மேய வேண்டாம். ஒரு லேன் கார்டு வாங்கிச் செருகுவது மலிவு. ஒலித் துளைக்கும் அப்படியே யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு இருக்கிறது.

பிராசசருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற சிறு உறுப்பு ஷார்ட் ஆன போர்டில் எச்சரிக்கை தேவை. மின்சாரத்தைத் துண்டித்து, பிராசசரை எடுத்துவிட்டு, 8 பின் இணைப்பின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளந்தால், கிட்டத்தட்டச் சுழியம் வந்தால் ஷார்ட் உறுதி. மாஸ்ஃபெட்டை மாற்றிவிடலாம், ஆனால் ஒரு வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தத்தில் இயங்கும் பிராசசருக்குள் 12 வோல்ட் நேரடியாகப் பாய்ந்து அதுவும் செத்திருக்கக்கூடும். சரிசெய்த போர்டில் விலை உயர்ந்த பிராசசரை முதலில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

சிப்செட்டைச் சூடாக்கிக் கழற்றி, அடியிலுள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாக வைத்து "ரீபால்" செய்து தருகிறேன் என்பதை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. கோளாறு சிப்புக்குள்ளேயே இருந்தால் சூடு சில வாரங்களுக்கு உயிர் கொடுப்பதுபோல் காட்டும். கொடுத்த பணம் திரும்பாது.

செலவை ஒப்பிடும்போது புதிய போர்டின் விலையை மட்டும் பார்ப்பது தவறான கணக்கு. ஆறேழு ஆண்டு ஆன போர்டுக்கு அதே சாக்கெட்டில் புதியது கிடைக்காவிட்டால், புதிய போர்டு தன்னோடு புதிய பிராசசரையும், டி.டி.ஆர்.4 இருந்த இடத்தில் டி.டி.ஆர்.5 ரேமையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில், போர்டின் தனி உறுப்புகளை மாற்றிச் சரிசெய்யும் சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் கேட்கும் தொகை பெரும்பாலும் நியாயமாகவே தெரியும். மாறாக, அதே சாக்கெட்டில் புதிய போர்டு எளிதாகக் கிடைத்து, சர்வீஸ் செலவு அதன் விலையில் பாதியை எட்டினால், நான் புதியதையே வாங்கச் சொல்வேன்.

அனுப்புவதற்கு முன்

விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் என்ற மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி மதர்போர்டோடு பிணைந்தது. போர்டு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினி கேட்கும். கணினி இன்னும் விட்டுவிட்டாவது இயங்கினால் அந்தச் சாவியை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இயங்காவிட்டால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள்.

பிறகு பிராசசர், ரேம், எம்.2 எஸ்.எஸ்.டி. (போர்டிலேயே செருகிய டிஸ்க்) மூன்றையும் கழற்றுங்கள், சூடு தணிக்கும் ஹீட்சிங்க் தகட்டின் அடியில் ஒளிந்திருக்கும் எஸ்.எஸ்.டி.யை மறந்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மாட்டாத போர்டைச் சேவை மையங்கள் ஏற்க மறுப்பதுண்டு. ஆகையால் முதல்நாளே அந்த மூடியைத் தூக்கி எறியாமல் பெட்டியில் போட்டுவையுங்கள். சாக்கெட்டையும், போர்டின் முன்பின் பக்கங்களையும், தொடர் எண் ஒட்டுத்தாளையும் படமெடுத்துவிட்டு, நிலைமின்சாரத் தடுப்பு உறையில் இட்டு, பழைய அட்டைப்பெட்டியில் அசையாதபடி வைத்து அனுப்புங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம்.

மாற்றாக வரும் போர்டு செப்பனிடப்பட்ட வேறொன்றாக இருக்கலாம். பெறும்போதே அதன் தொடர் எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லி, உத்தரவாதம் எந்தத் தேதிவரை என்பதையும் குறித்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சாக்கெட்டை மீண்டும் டார்ச் ஒளியில் பார்த்து, கேபினட்டில் பூட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, எல்லா ரேம் இடங்களையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள்.